நைனாவைத் தூக்கிய கைகள்

எங்கள் தெருவில் யாரும் ஓய்வு பெறுவதில்லை. கை ஓடுகிற வரைக்கும் கூலி வேலை. கை நின்றால் திண்ணை. திண்ணையிலிருந்து பாய், பாயிலிருந்து சுடுகாடு. எங்களுக்குத் தெரிந்த முதுமை இவ்வளவுதான். இன்றைக்கு முதியோர் பராமரிப்பு பற்றி நிறையப் பேசுகிறார்கள். முதலில் சொந்த வீட்டில் சிறு உதவியோடு இருப்பது, பிறகு பிள்ளைகளோடு இருப்பது, பிறகு ஆள் வைத்துப் பார்ப்பது, பிறகு செவிலியர் பார்ப்பது, கடைசியில் வலி தணிக்கும் சிகிச்சை என்று படிப்படியாக எழுதுகிறார்கள். தேவையான பேச்சுதான். 2016 முதல் என் அம்மாவையும் நைனாவையும் இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் கைபிடித்துக் கூட்டிப்போனவள் நான். ஒவ்வொரு படியிலும் நோய்க்கு முன்னால் சாதி வந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஏரிக்கரை ஓரமாக இருக்கிறது எங்கள் காலனி. அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. மழை பெய்தால் கூரையிலிருந்து சிமெண்ட் பெயர்ந்து சோற்றில் விழும். நைனா சின்ன வயதில் பண்ணையாள். பிறகு தினக்கூலி. ஊரில் சாவு விழுந்தால் மேளம் அடிக்கப் போனவர். எண்பதுகளின் கடைசியில், இனி ஊருக்கு மேளம் அடிப்பதில்லை என்று எங்கள் தெருப் பையன்கள் முடிவெடுத்தார்கள். பெரியவர்களில் பலபேர் தயங்கினார்கள். நைனா பறையைக் கொண்டுபோய் உத்தரத்தில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆறு மாதம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. "கேட்டுக் கூப்புட்டா வர்றேன். வாடான்னா வரமாட்டேன்" என்பதுதான் அவர் பதில். இந்தப் பிடிவாதம் அவர் படுக்கையில் விழுந்த பிறகும் போகவில்லை.

2016இல் நைனாவுக்கு எழுபத்தாறு வயது. சர்க்கரை, பிரஷர், முட்டி வலி. ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தது. அம்மாவுக்கு அவரைவிட ஆறு வயது குறைவு. ஊரைவிட்டு வரமாட்டோம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். எனக்கு டவுனில் அரசுப் பள்ளியில் வேலை. அண்ணன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. ஆகவே நான் சனிக்கிழமை தோறும் போய் முடிந்ததைச் செய்தேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலை மாத்திரை டப்பாவில் மஞ்சள் நூல், ராத்திரி டப்பாவில் கறுப்பு நூல் கட்டினேன். ஒரு நாளும் தவறியதில்லை. கட்டிலின் நான்கு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்தினோம், எழுந்திருக்க லேசாக இருக்கும் என்று. கழிப்பறை பின்பக்கம் முப்பது தப்படி தள்ளி இருந்தது. அதுவரைக்கும் பிடித்துக்கொண்டு நடக்க மூங்கில் கழி கட்டினோம். உள்ளே சுவரில் இரும்புக் குழாய் பதித்துக் கொடுத்தவர் எங்கள் தெருக் கொத்தனார். கூலி வாங்கவில்லை.

பணத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இலேயே வந்துவிட்டது. 2011இல் அது 1,000 ரூபாய் ஆனது. 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. நைனாவுக்கும் சில வருஷம் வந்தது. பிறகு ஒரு சரிபார்ப்பில் மகள் அரசுப் பள்ளி ஆசிரியை என்று பெயரை அடித்துவிட்டார்கள். "ஆதரவற்றவர்னு இருந்தாதான் குடுக்க முடியும். உங்களுக்குத்தான் டீச்சர் பொண்ணு இருக்கே" என்றார் அந்த அலுவலகத்தில் இருந்தவர். அறுபது வருஷம் ஊர் நிலத்தில் உழைத்தவர், தான் அநாதை என்று நிரூபித்தால்தான் பணம் வரும். நைனா ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்ததும், "நான் அநாத இல்லன்னு இவங்களுக்காவது தெரிஞ்சிருக்கே" என்று சிரித்தார்.

2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது. கவனிப்பார்கள் என்று நம்பி எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற அதன் 23ஆம் பிரிவு வழி சொல்கிறது. நல்லது. ஆனால் எங்கள் நைனா எழுதிக் கொடுத்த சொத்து எது? உத்தரத்தில் தொங்கிய பறையா? சட்டம் எழுதியவர்கள் கண்ணில் இருந்த முதியவருக்கு ஒரு வீடும் ஒரு காணி நிலமும் இருக்கின்றன. பிள்ளைகள் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் இருக்கிறது. எங்கள் முதியவர்களிடம் பிடுங்குவதற்கு எதுவுமில்லை. அவர்களிடமிருந்து ஏற்கனவே பிடுங்கியவர்கள் அவர்களுடைய பிள்ளைகளும் அல்லர்.

2018இல் நைனா இரண்டு தடவை மயங்கி விழுந்தார். அதன் பிறகு அவரே, "சரி பாப்பா, உங்கூட வர்றோம்" என்றார். நானும் என் வீட்டுக்காரரும் இருந்தது மாடி வீடு. முட்டி மடங்காத மனிதருக்குக் கீழ்வீடு வேண்டும். தேடக் கிளம்பினோம். பதினோரு வீடு பார்த்தோம். "சொந்த ஊரு எது?" என்று ஆரம்பிப்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஊருக்குள்ளயா, வெளியவா?" பல இடங்களில் கீழ்வீட்டில் உரிமையாளரே இருப்பார், சாமி அறையும் அங்கேதான். அதனால் கீழே விடமாட்டார்கள். மாடிதான் இருக்கிறது என்பார்கள். ஒருவர் இன்னும் வெளிப்படையாகவே சொன்னார்: "வயசானவங்க இருக்காங்கன்றீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா பொணம் நம்ம வாசல் வழியாத்தான போவணும்." வயதானவர்கள் என்றாலே வீடு கிடைப்பது கஷ்டம். அதோடு நாங்கள் இன்னார் என்றும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கடைசியில் டவுன் ஓரத்தில் எங்கள் ஆட்கள் தெருவில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கீழ்வீட்டைக் கொடுத்தார். "கொண்டாந்து வையிம்மா. எனக்கும் பேச ஆளாச்சி" என்றார்.

அம்மா அங்கே வந்த பிறகு இளைத்துப் போனாள். வேலை இல்லை. கோழி இல்லை. கருவாடு வறுக்கும்போது ஜன்னலைச் சாத்துகிற பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று அவள்தான் கேட்டாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து சாத்துவதில்லை.

2019 நவம்பரில் ஒரு ராத்திரி குளியலறை வாசலில் நைனா விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷனுக்குச் செலவில்லை. ஆனால் ஸ்ட்ரெச்சர் தள்ள இருநூறு, எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோக நூறு. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் முதுகுக்குக் கீழே தோல் சிவந்தது. வயதானவர்களுக்கு இடுப்பு முறிவை விட அதற்குப் பின் வருகிற படுக்கைப் புண்ணும் நுரையீரல் சளியும்தான் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நடுவில் தலையணை வைத்துக் கால்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பார்க்க வேண்டும். நர்ஸ் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அந்த வார்டில் நாற்பது பேர். நானும் அண்ணனும் நைனாவின் கையைப் பிடித்து இழுத்தோம். வலியில் கத்தினார்.

"ரெண்டு பேரும் தள்ளுங்க" என்றாள் அம்மா. ஒரு பழைய வேட்டியை நாலாக மடித்து அவர் இடுப்புக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகச் சொருகினாள். தலையணையை முட்டிகளுக்கு நடுவில் வைத்தாள். ஒரு கை தோளில், ஒரு கை வேட்டி நுனியில். "மூச்ச உள்ள இழு. இப்ப வுடு" என்று சொல்லி, அவர் மூச்சு விடும்போது வேட்டியோடு சேர்த்து உருட்டினாள். நைனா சத்தமே போடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெருக்க வந்த தூய்மைப் பணியாளர் அக்கா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "எந்த ஊரும்மா? காலனியா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், "நானும்தான். வேணும்னா கூப்புடு, புடிக்கிறேன்" என்றார். ஒப்பந்தக் கூலியில் இருந்த அந்த அக்கா எங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று அம்மாவிடம் கேட்டேன். "ஆண்டவூட்டு பெரிய ஆயாகிட்ட" என்றாள். எனக்குப் பாதி தெரிந்த கதைதான். அன்றைக்கு ராத்திரி வார்டு வராந்தாவில் உட்கார்ந்து முழுசாகச் சொன்னாள்.

எழுபதுகளில் ஊர்ப் பண்ணையாரின் தாயாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நான்கு வருஷம் படுக்கை. வீட்டு மருமகள்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொல்லைப்புறமாக வந்து அந்தக் கிழவியைக் கழுவி, திருப்பிப் போட்டு, பீத்துணி அலசிக் காயப்போட்டவள் என் அம்மா. சம்பளம் என்று ஒன்று பேசவில்லை. மாசத்துக்குக் கொஞ்சம் நெல், மீந்த குழம்பு. "அந்த ஆயா ஒடம்பு பூரா நான் தொடலாம். அவங்க தண்ணி குடிக்கிற சொம்ப தொடக்கூடாது. தாகமா இருக்குன்னா நான் போயி மருமவள கூப்புடணும். மருமவ வர்றதுக்குள்ள ஆயா நாக்கு ஒட்டிக்கும்." கிழவி செத்த அன்று அம்மாவை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். நான்கு வருஷம் குளிப்பாட்டியவள் கடைசிக் குளியலுக்கு ஆகாதவள் ஆகிவிட்டாள்.

தோழர்களே, இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். அந்தத் துறையில் இந்தியாவிலேயே முன்னோடி அவர். அவருடைய பணிக்கு நம் மரியாதை உண்டு. அதே எழுபதுகளில் ஒரு பண்ணை வீட்டின் பின்கட்டில், படுக்கைப் புண் வராமல் நான்கு வருஷம் ஒரு கிழவியைக் காப்பாற்றிய பறைச்சி ஒருத்தியும் இருந்தாள். அவள் செய்ததும் முதியோர் மருத்துவம்தான். அதற்குப் பெயரில்லை, படிப்பில்லை, கூலியில்லை. தீட்டு மட்டும் இருந்தது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார். பராமரிப்பு வேலையிலும் அப்படித்தான். மருந்து எழுதுகிற கை மேலே. மலம் அள்ளுகிற கை கீழே. இரண்டுமில்லாமல் ஒரு கிழவரும் பிழைக்க மாட்டார். அன்பு, பாசம், கடமை என்று எத்தனை அழகான சொற்களைப் போட்டு மூடினாலும் இந்த அடுக்கு மறையாது.

நைனா வாக்கரைப் பிடித்து ஒரு வருஷம் நடந்தார். 2021 தொடக்கத்தில் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போய்விட்டது. பேச்சு குழறியது. அம்மாவுக்கும் தூக்குகிற வயது தாண்டிவிட்டது. ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம். நாளைக்கு எழுநூறு ரூபாய். முதலில் வந்தவர் நன்றாகத்தான் வேலை செய்தார். சுவரில் அம்பேத்கர் படத்தைப் பார்த்தார். மறுநாள் வீட்டிலிருந்தே தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் வரவில்லை. "அவங்களுக்கு செட் ஆகலையாம் மேடம்" என்றது ஏஜென்சி. அம்மா சிரித்தாள். "நான் தொட்டா அவங்க சொம்பு தீட்டு. அவ வந்தா நம்ம சொம்பு தீட்டு. சொம்பு மட்டும் எப்பவும் தப்பிச்சிக்கிது பாரு."

இரண்டாவதாக வந்தவள் நம் பெண். நாற்பது வயதிருக்கும். ஏழு வருஷமாக இதே வேலை. "பெரிய பெரிய வூட்ல எல்லாம் வேற சாதி பேரச் சொல்லித்தான்க்கா உள்ள போறேன். தெரிஞ்சா தட்ட பாத்ரூம் பக்கம் வெப்பாங்க" என்றாள். எழுநூறில் அவள் கைக்கு வந்தது நானூற்று ஐம்பது. அவளுடைய அம்மாவும் படுக்கையில்தான். யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "பக்கத்து வூட்ல சொல்லிட்டு வந்துருக்கேன்" என்றாள். என் அப்பாவைத் திருப்பிப் போடுவதற்காகத் தன் அம்மாவைத் திருப்ப ஆளில்லாமல் விட்டு வந்திருக்கிறாள். பணம் கொடுத்துவிட்டால் இந்தக் கணக்கு தீர்ந்துவிடுமா? ஏஜென்சியோடு கணக்கை முடித்துக்கொண்டு, முழுக் கூலியையும் அவளிடமே கொடுத்து, மதியத்தோடு வேலை என்று வைத்துக்கொண்டோம். மதியத்துக்கு மேல் நானும் வீட்டுக்காரரும் மாறி மாறிப் பார்த்தோம். எல்லா வீட்டிலும் இது முடியாது என்பது தெரியும். ஆகவேதான் இதைத் தனி மனிதர்களின் நல்ல மனசுக்கு விடக்கூடாது என்கிறேன்.

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. பிறகு எங்கள் பக்கமும் வந்தது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வந்தன. படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலி தணிக்கும் சிகிச்சையும் வீட்டிலேயே. ஒரு நாள் நர்ஸ் ஒருவர் வந்தார். சின்னப் பெண். நைனாவின் காதருகே குனிந்து, "ஐயா, புண்ணப் பாக்கணும். திருப்பட்டுமா?" என்று கேட்டார். நைனா அவரையே பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கிச் சரி என்று காட்டினார். எண்பத்தோரு வயதில், அரசாங்க அட்டை மாட்டிய ஒருவர் அவரை ஐயா என்று கூப்பிட்டு அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. மேளத்தை உத்தரத்தில் மாட்டிவிட்டு அவர் ஊரிடம் கேட்டதும் இதைத்தானே. அந்தத் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுவரும் பெண்களுக்கு நிரந்தர வேலை கொடுக்கவில்லை, ஊக்கத்தொகைதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பராமரிப்பு என்றதும் பெண்கள் பாதிக் கூலிக்குச் செய்வார்கள் என்ற எண்ணம் அரசாங்கத்துக்கும் இருக்கிறது.

2022 பிப்ரவரியில் நைனா வீட்டிலேயே இறந்தார். முதுகில் ஒரு புண் இல்லை.

அடுத்து அம்மா எங்கே இருப்பது? அண்ணன் பெங்களூருக்குக் கூப்பிட்டான். நான் என்னோடு இரு என்றேன். தெரிந்தவர்கள் சொல்லி ஒரு முதியோர் இல்லத்தையும் போய்ப் பார்த்தோம். சுத்தமான இடம். சைவச் சாப்பாடு, காலை மாலை பஜனை. அம்மா எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு அந்த அம்மாளிடம், "கருவாடு போடுவீங்களா?" என்று கேட்டாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "வா பாப்பா, போலாம்" என்றாள். கருவாட்டை விட்டுவிட்டுத் தன் கடைசிக் காலத்தைக் கழிக்க அவள் ஏன் சம்மதிக்க வேண்டும்?

ஊருக்கே போகிறேன் என்றாள். போனாள். கழிப்பறையைக் கதவருகே மாற்றிக் கட்டினோம். பக்கத்து வீட்டுச் சின்னம்மா மகளுக்கு மாதம் பணம் கொடுத்துக் காலையிலும் ராத்திரியிலும் பார்க்கச் சொன்னோம். அம்மாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. நடவிலும் களையெடுப்பிலும் விரல் ரேகை தேய்ந்துபோய், ரேஷன் கடை மெஷின் அவளை அவள் இல்லை என்கிறது. ஞாபகமும் தடுமாறுகிறது. சில நாள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து நடவுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிடுகிறாள். அதனால் ராத்திரி ஒரு ஆள் கூடப் படுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். தெளிவாக இருக்கும்போது அவளிடமே பேசி வைத்திருக்கிறேன். இனி என்ன வந்தால் எங்கே இருப்பது, ஆஸ்பத்திரிக்கு எதுவரைக்கும் போவது, யார் குளிப்பாட்டுவது என்று. "எது செய்றதா இருந்தாலும் என்ன கேட்டுட்டு செய்யி. நான் மறந்துட்டா, இப்ப சொன்னத செய்யி" என்றிருக்கிறாள்.

நம் இயக்கங்கள் நிலம் பேசுகின்றன, வன்கொடுமை பேசுகின்றன, இடஒதுக்கீடு பேசுகின்றன. எல்லாம் பேச வேண்டியவை. நம் கிழவர்களும் கிழவிகளும் எந்தக் கூட்டத்தின் தீர்மானத்திலும் வருவதில்லை. அநாதை என்று நிரூபிக்கத் தேவையில்லாத உதவித்தொகை வேண்டும். வீட்டில் பராமரிப்பு வேலை செய்யும் பெண்களுக்குப் பதிவும், சட்டப்படியான கூலியும், வார விடுமுறையும் வேண்டும். காலனிகளுக்கும் தவறாமல் நர்ஸ் வர வேண்டும். இவற்றையும் தீர்மானமாக எழுதுவோம். அம்மா மாதிரிப் பெண்களுக்குத் தெரிந்ததை அறிவு என்று ஒப்புக்கொள்வோம். அது ஆண்டை வீட்டுக் கொல்லையில் அடிமைத்தனத்தின் கீழ்க் கற்றது என்பதற்காக அதைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. நம் ஆட்களுக்கு நாம் பயன்படுத்தும்போது அது வேறாகிவிடுகிறது.

போன மாதம் எங்கள் தெருவில் கணக்கெடுத்தோம். எழுபது தாண்டியவர்கள் பதினான்கு பேர். எழுந்திருக்க முடியாதவர்கள் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் முறை வைத்துப் பார்ப்பது என்று ஆறு பெண்களும் இரண்டு பையன்களும் முன்வந்தார்கள். ஆண்கள் எண்ணிக்கை இன்னும் கூட வேண்டும். அவர்களுக்குத் திருப்பிப் போடக் கற்றுக்கொடுத்தவள் அம்மா. அன்றைக்கு நல்ல தெளிவாக இருந்தாள். கட்டிலில் ஒரு பையனைப் படுக்க வைத்து, வேட்டியை நாலாக மடித்துக் காட்டினாள். ஒருத்தி அவசரப்பட்டு அவன் தோளைப் பிடித்தாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"மொதல்ல பேரச் சொல்லிக் கூப்புடு. அப்பறம் தொடு."